செவ்வந்திக்கு வேண்டியிருந்த இருட்டு

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்த நேரம். பதுளை பஸார் வீதியில், ஜாபிர் நானாவின் மின்சாமான் கடையில், செல்வரத்தினம் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். கைபேசி ஜாபிருடையது. மறுமுனையில் பேசியவன் ஜாபிரின் மைத்துனன் றிஸாத். வெலிமடையில் பூத்தோட்டம் வைத்திருப்பவன்.

“லைட்ட எத்தன மணிக்கு அணைப்பீங்க அண்ணே?”

“அணைக்கிறதே இல்லீங்க.”

“ராவைக்கும்?”

“ராவைக்கும்தான். நல்லா வளரட்டும்னு.”

மறுமுனையில் றிஸாத் சிரித்தான். கேலியான சிரிப்பு இல்லை. தெரிந்தவர்களின் பிள்ளை செய்த தப்பைக் கேட்டுச் சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு.

“அப்ப எப்புடி அண்ணே பூக்கும்? செவ்வந்திக்கு ராத்திரி வேணுமே. நீளமா இருட்டுல கெடந்தாத்தான் அது மொட்டு வெக்கும். ராவெல்லாம் வெளிச்சம் பட்டா எலயா வெச்சிக்கிட்டே போகும். பூ வேணாங்குற காலத்துல நாங்களே வேணும்னு லைட் போட்டுத்தான் நிப்பாட்டி வெப்போம்.”

செல்வரத்தினம் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. செடியில் குறை இல்லை, மண்ணில் குறை இல்லை, தான் கட்டிய விளக்கிலும் குறை இல்லை, அணைக்காததுதான் குறை. இதைப் போய் மனைவி சரோஜாவிடம் சொன்னால் என்ன சொல்லுவாள் என்று நினைத்தபோதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தூங்க விடாம வச்சா மனுசனே பூக்க மாட்டான், செடி எப்புடிங்க பூக்கும்?” என்பாள். அப்படித்தான் பேசுவாள்.

“நல்ல வெளிச்சக்காரன்தான் நீங்க,” என்று ஜாபிர் சிரித்தார். “இருட்ட எங்க கடையில விக்கிறதில்ல அண்ணே. அத நீங்கதான் செஞ்சிக்கணும்.”

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்த அவருடைய கைபேசி அடித்தது. பக்கத்துக் காம்பராவில், அடுத்த வீட்டில் இருக்கும் பெண் லதுஷா.

“பெரியப்பா, பஸ் ஏறிட்டீங்களா?”

“இல்ல தாயி. மருந்து எடுத்தாச்சு. நானா கடையில நிக்கிறேன். என்னா?”

“பெரியம்மா… சுடுதண்ணி வைக்கத்தான் போனேன் பெரியப்பா. வந்து கூப்புட்டா பேச மாட்டேங்குறாங்க.”

அவர் மருந்துப் பொதியைக் கல்லாவின் மேல் வைத்தார். பிறகு அதை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். ஜாபிர் அவர் முகத்தைப் பார்த்தார், சாவுச் செய்திக்குச் சொல்லும் “இன்னாலில்லாஹி”யை முணுமுணுத்தார், கடைக்கதவைப் பாதி இழுத்துவிட்டு வேன் சாவியைத் தேடினார்.

பசறை தாண்டி மடுல்சீமைக்கு ஏறும் அந்தக் குன்றும் குழியுமான பாதையில் செல்வரத்தினம் ஒரு முறைதான் வாய் திறந்தார்.

“நானா, இத முன்னாலயே கேட்டிருக்கலாம்.”

“இப்ப அத நெனைக்காதீங்க அண்ணே,” என்றார் ஜாபிர்.

செல்வரத்தினம் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த மலைத் தேயிலைத் தோட்டத்தில், அதன் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில்தான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு முடிந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கப் போனவர், எண்ணெய் போடுகிறவராகி, பிறகு மோட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரானார். பேசத் தெரியாத மனிதர். ஓடுகிற மோட்டரின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் ஸ்பேனரோடு வருவார். லயத்தில் யாருடைய வானொலி நின்றாலும், யாருடைய மின்கேத்தல் எரிந்தாலும் அவர் வாசலுக்குத்தான் வரும். கூலி கேட்கத் தெரியாது. அதற்கும் சேர்த்துப் பேசுவதற்குச் சரோஜாதேவி இருந்தாள்.

சரோஜா கொழுந்து எடுப்பவள். மலையில் அவள் விரலுக்கு ஈடு கொடுக்க ஆள் இல்லை, வாய்க்கும் இல்லை. கங்காணி நிறையைக் குறைத்துச் சொன்னால், “என்னா கங்காணி, தராசுக்கும் நேத்து நீங்கதான் ஊத்திக் குடுத்தீங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவாள். வீட்டுக்கு வந்தால் அவளுக்கு வேறு உலகம். லயத்துக்கு முன்னால் ஒரு துண்டு நிலத்தில் மஞ்சள் செவ்வந்தி வைத்திருந்தாள். திருவிழாவுக்கு முதல் கூடை மாரியம்மனுக்கு. அடுத்து பூப்பது அவள் கொண்டைக்கு. மகள் சுலோஜனா கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவான நாளிலும், பண்டாரவளையில் ஆசிரியையாக நியமனம் கிடைத்த நாளிலும், சரோஜா தலை நிறையச் செவ்வந்தி வைத்துக்கொண்டு லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். யாராவது கேட்க வேண்டும், இவள் சொல்ல வேண்டும், அதற்காகவே நடந்தாள்.

மழை விட்ட ஒரு காலையில், கொழுந்துப் பையோடு கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தாள். கான் என்றால் மலையில் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். வேறொருத்தியாக இருந்தால் எழுந்து சேற்றைத் தட்டிவிட்டுப் போயிருப்பாள். சரோஜாவுக்கு முதுகெலும்பில் அடி. பதுளை ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து வீட்டுக்கு வந்தபோது, இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர்களுடைய காம்பராவின் பின்சுவர் வெட்டிய மலையோடு ஒட்டியது. ஜன்னல் ஒன்று, அதுவும் முன்பக்கம் இஸ்தோப்புத் திண்ணையைப் பார்த்தது. நடுப்பகலிலும் கட்டிலடியில் கிடக்கும் செருப்பைத் தடவித்தான் எடுக்க வேண்டும். வெளியே செவ்வந்தி நிலத்தைப் பன்றி கிளறிப்போட்டது. அதைச் சரோஜாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டாள்.

அதன்பிறகு அவள் பேச்சு குறைந்தது. சாப்பாடும் குறைந்தது. ஒரு நாள் செல்வரத்தினம் கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்:

“எல்லாரும் கோயில்ல இருந்து பூ கொண்டாந்து குடுக்குறாங்க. எனக்குப் பூ வேணாங்க. எம்பூ வேணும். நம்ம செடி ஒருக்கா பூத்து நான் பாத்துட்டா, அப்புறம் எது வந்தாலும் வரட்டும்.”

மோட்டரைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவள் கையின் மேல் கையை வைத்திருந்தார். அடுத்த விடுமுறையில் பதுளைக்குப் பஸ் ஏறினார்.

ஜாபிர் முதலில் கொடுத்தது வெயில் படாத இடத்தில் செடி வளர்க்கவென்றே விற்கும் எல்ஈடி பட்டி. சிவப்பும் நீலமும் கலந்தது. செல்வரத்தினம் அதைப் பலகையில் ஒட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுச் சுவிட்சைப் போட்டார். அறை முழுவதும் கத்தரிப்பூ நிறம் பரவியது. சரோஜா தன் கைகளைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஐயோ, என்னங்க இது! இப்பவே என்னப் பொணமாக்கிட்டீங்களே!”

வாசலில் நின்ற லதுஷாவின் கணவன் அனுஷன் விடவில்லை. “பெரியப்பா, ஊரெல்லாம் வெசாக் முடிஞ்சிருச்சு, ஒங்க வூட்டுல மட்டும் வெளக்குக் கூடு எறக்கலியா?” லயமே வந்து எட்டிப் பார்த்தது. வெசாக் பண்டிகையில் வழிப்போக்கருக்கு இலவசமாகக் கொடுக்கும் தன்சல் சாப்பாடு எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். விழுந்த நாளுக்குப் பிறகு சரோஜா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பட்டியும் அதிக நாள் நிற்கவில்லை. சுவரில் கசியும் ஈரத்துக்குப் பசை விட்டு, ஒரு விடியற்காலையில் அவள் மார்பின் மேல் விழுந்து கிடந்தது. “பாம்புன்னு நெனச்சேன். நல்லவேள, எந்திரிச்சு ஓட முடியாது,” என்றாள்.

இரண்டாவது விளக்கை அவர் பொறுமையாகக் கட்டினார். இந்த முறை வெள்ளைப் பட்டிகள். பகல் வெளிச்ச நிறத்தில் ஒன்று, மஞ்சள் சாய்ந்த வெள்ளையில் ஒன்று என மாற்றி மாற்றி. தொழிற்சாலைக்குப் பின்னால் எறிந்து கிடந்த உடைந்த ஜன்னல் சட்டங்களிலிருந்து அலுமினியத்தை அறுத்தெடுத்துத் தேய்த்து, அதன்மேல் பட்டியை ஒட்டினார். சூடு அலுமினியத்தில் இறங்கிவிடும், பட்டி கெடாது. பசையை நம்பாமல் இடைக்கிடை மெல்லிய கம்பியாலும் கட்டினார். பட்டியில் கத்தரிக்கோல் அடையாளம் போட்ட இடத்தில் மட்டும்தான் வெட்ட வேண்டும். ஒரு துண்டைத் தள்ளி வெட்டி வீணாக்கியபிறகு அது அவருக்குத் தெரிந்தது. வெட்டிய துண்டுகளை வயர் வைத்து ஈயம் பற்றவைத்துக் கோத்தார். வாலில் இருந்த துண்டு மட்டும் மங்கலாக எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேறொரு வயரை இழுத்து மறுபக்கத்திலிருந்தும் மின்சாரம் கொடுத்தார். வெளிச்சம் சமமானது. சிறிய அடப்டர் தொடமுடியாதபடி சூடேறியதும் பெரியதாக ஒன்றை ஜாபிரிடம் மாற்றி வாங்கினார். தேயிலைப் பெட்டிப் பலகைகளால் ஒரு தட்டு செய்து, சரோஜா படுத்தபடியே கைநீட்டினால் எட்டும் உயரத்தில் கட்டிலோடு அணைத்து வைத்தார்.

லதுஷா தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்திலிருந்து செவ்வந்திக் கன்றுகள் கேட்டு வாங்கி வந்தாள். செடிகள் பிடித்துக்கொண்டன.

தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு சாயங்காலம், அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சரோஜா கையை நீட்டி, செடிகளின் நுனிகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நுனி கிள்ளினால்தான் செவ்வந்தி கிளை விடும். ஆனால் அவர் பார்த்தது அதை அல்ல. அவள் விரல்களை. மலையில் கொழுந்து எடுக்கும் அதே விரல்கள், அதே வேகம், கண் பார்க்காமலே நுனியைக் கண்டுபிடிக்கும் அதே பழக்கம். கட்டிலில் பாதி உடம்பு செத்துக் கிடக்க, கைகள் மட்டும் வேலைக்குப் போயிருந்தன.

“என்னா பாக்குறீங்க? பேர் போட வந்தீங்களா?”

“எவ்வளவு எடுத்த?”

“பாதிப் பேர்தான். கங்காணி சரியில்ல.” மலையில் நாள்வேலையைப் பதிவதுதான் பேர் போடுவது; கொழுந்து நிறை குறைந்தால் பாதிப் பேர், அரை நாள் சம்பளம்.

அந்த வீட்டில் நல்ல காலம் என்று ஒன்று அதற்குப்பிறகு இருந்ததென்றால் அது அந்த மாதங்கள்தான்.

அணைக்காமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் அறையில் இருட்டு வைக்கக் கூடாது என்பது அந்த லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். போத்தல் விளக்குக் காலத்திலும் அப்படித்தான்; மின்சாரம் வந்தபிறகும் அப்படித்தான். இருட்டு வைத்தால் வேண்டாதது உள்ளே வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். செல்வரத்தினம் இதை நம்பினாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் மீற மாட்டார். செடி விளக்கு வந்தபிறகு தனியாக ஒரு பல்ப் எரிக்க வேண்டியிருக்கவில்லை. செடிக்கும் ஆச்சு, அவளுக்கும் ஆச்சு என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

சரோஜாவுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. ஒரு தடவை தோட்டம் முழுவதும் மின்சாரம் நின்றது. அவள் அப்படி அலறி அவர் கேட்டதே இல்லை. மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“காலக் காணோங்க,” என்றாள். மூச்சு வாங்கியது. “வெளிச்சம் இருந்தா பாத்துக்குவேன், இருக்குன்னு. இருட்டுல எங்க முடியுறேன்னே தெரியலங்க.”

அவர் மெழுகுதிரியை அவள் கால்மாட்டில் வைத்துவிட்டு, மின்சாரம் வரும்வரை அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அது தெரியாது. பார்த்தாள், அதனால் தெரிந்தது.

செடிகள் புதராக வளர்ந்தன. கரும்பச்சை இலை, தடித்த தண்டு. பார்த்தவர்கள் எல்லாரும் கண் வைத்தார்கள். ஆனால் மொட்டு இல்லை. உரம் மாற்றினார், சாணி கரைத்து விட்டார், இன்னொரு வரிசை பட்டி சேர்த்து வெளிச்சத்தைக் கூட்டினார். வெளிச்சம் போதவில்லை என்றுதான் நினைத்தார். சரோஜா நுனி கிள்ளுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். “ஆம்பளச் செடியா பாத்துக் கொண்டாந்திருக்கா இந்தப் புள்ள,” என்று லதுஷாவை வைதாள்.

இதற்கிடையில் அவளுக்குப் படுக்கைப் புண் ஆழமானது. காய்ச்சல் வந்தது, போனது, திரும்பி வந்தது. சுலோஜனா லீவு போட்டு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றாள். சரோஜா செடித்தட்டைக் கையால் பிடித்துக்கொண்டாள். “மொட்டு வைக்கட்டும்டி. பாத்துட்டு வாரேன்.” வற்புறுத்தி ஒரு முறை கொண்டுபோய், கூட்டிக்கொண்டும் வந்தார்கள். அதன்பிறகு கிளினிக்கில் எழுதிய மருந்தை மாதாமாதம் செல்வரத்தினம் போய் எடுத்து வந்தார்.

கடைசியாக மருந்தெடுக்கப் போன அந்தக் காலையில் அவர் புறப்படும்போது அவள் விழித்துத்தான் இருந்தாள். உதடு காய்ந்திருந்தது.

“நானாக்கிட்ட கேட்டுட்டு வாங்க. யாராச்சும் தெரிஞ்சவங்க இருப்பாங்க. ஏன் பூக்கலன்னு கேளுங்க.”

“கேக்குறேன்.”

“வெட்கப்பட்டுக்கிட்டு கேக்காம வந்துறாதீங்க. ஒங்களப் பத்தித் தெரியும்.”

அவர் கேட்டார். பதிலும் கிடைத்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

வேன் லயத்துக்குக் கீழே நின்றபோது வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் முகம் செடிகளின் பக்கம் திரும்பியிருந்தது. லதுஷா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் பக்கத்துலயே இருந்திருக்கணும் பெரியப்பா.” அவர் அவள் தலையில் கை வைத்து, “நாந்தாம்மா இருந்திருக்கணும்,” என்றார்.

லயத்துப் பாதையில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். சுலோஜனா பண்டாரவளையிலிருந்து வந்து சேர்ந்தாள். மரண உதவிச் சங்கத்தார் பதுளையிலிருந்து மாலைகள் கொண்டுவந்தார்கள், எல்லாம் செவ்வந்தி. மஞ்சள் செவ்வந்தி, பெரிது பெரிதாக. வெலிமடைப் பக்கத்துப் பூ என்று யாரோ சொன்னார்கள். செல்வரத்தினம் அந்த மாலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செடித்தட்டுக்குப் போய் ஒரு நுனியைக் கிள்ளப் பார்த்தார். அவருக்குக் கிள்ள வரவில்லை. நார் கிழிந்து, பாதித் தண்டோடு வந்தது. அதை அவள் கைக்குள் வைத்து விரல்களை மடித்துவிட்டார். பூ இல்லாத வெறும் இலை. மாலைகளுக்கு நடுவில் அது யாருக்கும் தெரியவில்லை. தேயிலை மலையின் ஓரத்தில் அவளைப் புதைத்தார்கள்.

கருமாதிவரை அவள் கிடந்த இடத்தில் விளக்கு அணையக் கூடாது. எண்ணெய் விளக்கும் எரிந்தது, பல்ப்பும் எரிந்தது. ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். செடிகள் இன்னும் கொஞ்சம் இலை விட்டன.

கருமாதி முடிந்த மறுநாள் சுலோஜனா சொன்னாள். “அப்பா, எங்கூட வந்திருங்க. இங்க தனியா இருந்து என்னா செய்யப் போறீங்க?”

“வாரேன்மா. பூக்கட்டும்.”

“யாருக்குப்பா?”

“அங்க மேல கொண்டுபோய் வைக்கலாம்ல,” என்றார். சரோஜாவைப் புதைத்த மலையோரத்தை அவர் கையால் காட்டவில்லை. அவளுக்குப் புரிந்தது.

அனுஷன் வந்து, செடிகளை வெளியே தூக்கி வைத்தால் தானாகவே இராத்திரி கிடைக்கும், பிரச்சினை தீர்ந்தது என்றான். பன்றிக்குக் கூண்டு அடித்துத் தருவதாகவும் சொன்னான். சரியான யோசனைதான். “அவ பக்கத்துல வச்சதுடா. அங்கயே பூக்கட்டும்,” என்றார் செல்வரத்தினம். இப்போது பொழுது சாய்ந்ததும் எல்ஈடி பட்டிகளை அவரே அணைத்துவிடுகிறார். சுவிட்சில் கை வைத்துச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் அணைப்பார். ஆனால் அந்த அறையில் இருட்டு வைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. கட்டிலுக்கு மேலே பல்ப் எரிகிறது. அது செடிகளின் மேல் படாமல் இருக்க மறைப்பு வேண்டும்.

கதவுக்குப் பின்னால் சரோஜாவின் படங்கு தொங்கியது. கொழுந்து எடுக்கும்போது சேலை நனையாமல், செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த கறுப்பு விரிப்பு. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூட ஊடுருவவில்லை. அதை வெட்டாமல், மடிக்காமல், தட்டின் மேலிருந்து சுற்றிக் கட்டினார். கால்மாட்டுப் பக்கம் மூடியது, தலைமாட்டுப் பக்கம் மூடியது, சுவர்ப்பக்கம் மூடத் தேவையில்லை. அதோடு துணி தீர்ந்துவிட்டது. சுலோஜனா தன் பழைய சேலையொன்றை இரட்டையாக மடித்துத் தைத்து, ஊசியும் நூலும் அதிலேயே குத்தியபடி கொடுத்துவிட்டுப் பண்டாரவளைக்குப் போனாள். நாலு முடிச்சுப் போட்டால் முடிகிற வேலை.

சேலை தட்டின் மேல் மடித்தபடி இருக்கிறது. கட்டிலைப் பார்த்த பக்கத்துக்கு, சரோஜாவின் முகம் திரும்பியிருந்த பக்கத்துக்கு, அவர் இன்னும் மறைப்புக் கட்டவில்லை.